பட்டறைக்கு வெளிச்சம்... கண்ணுக்குக் காவல்!

ஏற்காடு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? ஏரி, படகுச் சவாரி, லேடீஸ் சீட், மே மாதத்துக் கோடை விழா... அவ்வளவுதானே? அங்கேயே குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் சொல்வது மேகத்தைப் பற்றித்தான். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். மழைக் காலத்தில் மேகம் வாசலுக்கே வந்து நிற்கும். "மத்தியானம் மூணு மணிக்கே லைட்டைப் போட வேண்டியிருக்கு" என்பது சேர்வராயன் மலையில் எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு.

அந்த லைட் வீட்டு ஹாலில் சரியாகத்தான் எரிகிறது. பின்பக்கத்து ஷெட்டில்?

மலையில் பல வீடுகளுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் உண்டு. காபி மூட்டை, மிளகுச் சாக்கு, மண்வெட்டி, பழைய ஏணி என்று போட்டு வைக்க ஆரம்பித்தது. நாளடைவில் ஒரு மேசை வரும், அதன் மேல் ஒரு வைஸ் வரும், பிறகு ஒரு டிரில்லிங் மெஷின். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மலையில் வந்து தங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. நாற்காலிக்குக் கால் மாற்றலாம். தேனீப் பெட்டி அடிக்கலாம். பேத்திக்கு மரப் பொம்மை செய்யலாம். மனசுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

ஆனால், அந்த ஷெட்டின் நடு உத்தரத்தில் ஒரே ஒரு பல்பு தொங்கும். அதற்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தன் நிழலிலேயே உளி பிடிப்பார் வீட்டுக்காரர். ரம்பம் கோடு தவறும். சில சமயம் விரலும் தவறும்!

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். கண்ணில் ஒரு இரும்புத் துகள் பாய்ந்துவிட்டால், கண் சிறப்பு மருத்துவரைப் பார்க்க மலையிறங்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகிவிடும். மேகம் இறங்கிய இரவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் சொல்கிறோம்: மலை வீட்டுப் பட்டறையில் வெளிச்சம் ஆடம்பரம் அல்ல. முதலுதவிப் பெட்டியைப் போல அதுவும் அவசியம்.

நாற்பதைத் தாண்டிவிட்டீர்களா?

"முன்னெல்லாம் இதே பல்புல நல்லாத்தானே தெரிஞ்சுது?" என்று கேட்பீர்கள். பல்பு அதேதான். கண்தான் அதே கண் இல்லை.

நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, பக்கத்தில் உள்ளதைக் கூர்ந்து பார்க்கும் சக்தி குறைகிறது. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது வேறொன்று. வயது ஏற ஏற லென்ஸ் மஞ்சளாகிறது. கண்ணின் பாப்பாவும் சுருங்கிவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளையின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. பேரன் "போதும் தாத்தா" என்று சொல்லும் வெளிச்சம் தாத்தாவுக்குப் போதாது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கூட ஒரு விளக்கைப் போடுங்கள், அவ்வளவுதான்.

குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்தால் கண் நிரந்தரமாகக் கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அது அப்படியல்ல. கண் கெடாது, ஆனால் களைத்துப் போகும். இமைக்க மறந்து உற்றுப் பார்ப்பதால் கண் உலர்ந்து எரியும். தலை வலிக்கும். பொருளுக்குப் பக்கத்தில் போய்க் குனிவதால் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும். "இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கலை" என்று பலர் தைலம் தேய்த்துக்கொள்ளும் கழுத்துவலிக்குக் காரணம், சில சமயம் ஷெட்டில் தொங்கும் அந்த ஒற்றை பல்பாகவும் இருக்கலாம்!

முதலில் இலவச வெளிச்சம்

கடைக்குப் போகும் முன் ஷெட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். சில்வர் ஓக் கிளை ஏதாவது கூரை மேல் கவிந்திருக்கிறதா? காபிச் செடிக்கு நிழல் வேண்டும், உங்கள் பட்டறைக்கு வேண்டாம். கிளையைக் கழிக்க முடிந்தால் கழித்துவிடுங்கள்.

அடுத்தது கூரை. தகர ஷீட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, அதே வளைவுள்ள ஒளி புகும் பாலிகார்பனேட் ஷீட் போடலாம். மேகம் மூடிய பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு.) அதில் ஒரு சிறு பங்கு உள்ளே வந்தாலே பகலில் பாதி விளக்கை அணைத்துவிடலாம். மலை ஈரத்தில் ஷீட் மேல் பாசி பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை கழுவி விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதை நீங்களே அறுக்கவோ துளையிடவோ கூடாது. அந்தத் தூசியில் உள்ள நுண்ணிய நார்கள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். தொல்லை பல வருடம் கழித்துத்தான் தெரியும். அந்தக் கூரையை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் ஜன்னல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் எந்தப் பக்கம்? வடக்கே வைத்தால் பெரும்பாலான மாதங்களில் கூசாத, சீரான வெளிச்சம் வரும். ஏப்ரல் மூன்றாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை மட்டும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அப்போது ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டால் போதும்.

பிறகு சுண்ணாம்பு! உள்சுவருக்கும் கூரையின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளை அடியுங்கள். கரியும் பூஞ்சையும் படிந்த சுவர் வெளிச்சத்தை விழுங்கிவிடுகிறது. வெள்ளைச் சுவர் விழுந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. இரண்டு டப்பா பெயின்ட், ஒரு பல்புக்குச் சமம்.

எத்தனை விளக்கு? ஒரு சின்னக் கணக்கு

நடமாட 100 லக்ஸ் போதும். சாதாரண மேசை வேலைக்குச் சுமார் 300 லக்ஸ் வேண்டும். நுணுக்கமான வேலைக்கு 500 முதல் 750 வரை. கடிகாரம், ரேடியோ போன்றவற்றைப் பிரித்து வேலை பார்ப்பவர்களுக்கு 1,000 லக்ஸ் இருந்தால் நல்லது.

பல்பு அட்டைப் பெட்டியில் 'லூமன்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அது பல்பு வெளிவிடும் மொத்த வெளிச்சம். வாட்டை மட்டும் பார்க்காமல் இதைப் பாருங்கள். உங்கள் ஷெட் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொள்வோம். சுமார் 11 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமென்றால் 3,300 லூமன். சுவரும் கூரையும் தூசியும் பாதியைத் தின்றுவிடும் என்று வைத்தால் 6,600 லூமன். நாலடி நீளமுள்ள 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று சுமாராக 2,000 லூமன் தரும். மூன்று டியூப் போட்டு, மேசைக்குத் தனியாக ஒரு விளக்கும் வைத்தால் கணக்கு சரியாகிவிடும்.

"மூணு டியூப்பா? கரண்டு பில் எகிறுமே!" என்று வீட்டம்மா கவலைப்பட வேண்டாம். மூன்றும் சேர்ந்து 60 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று தின்ற மின்சாரம் அதுதான். அந்தக் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சமோ 700 லூமன் சொச்சம்! தினம் நாலு மணி நேரம் எரித்தாலும் மாதம் ஏழு யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் கிடைத்த பிறகுதான் வெள்ளை எல்.இ.டி.யே சாத்தியமாயிற்று. அதன் பலன் இன்று நம் ஷெட் வரை வந்திருக்கிறது.

எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்?

இதுதான் முக்கியம். எத்தனை டியூப் போட்டாலும் முதுகுக்குப் பின்னால் போட்டால் வீண். மேசைக்கு நேர் மேலே, உங்கள் தலைக்கு ஒரு சாண் முன்னால், மேசை நீளவாட்டத்திலேயே ஒரு டியூப் வரட்டும். அப்போது தலையின் நிழல் வேலை மேல் விழாது. மற்ற இரண்டும் ஷெட்டின் நடுவிலும் பின்பக்கத்திலும் இருக்கட்டும்.

மேசை விளக்கு வலது கைக்காரர்களுக்கு இடப்பக்கம், இடது கைக்காரர்களுக்கு வலப்பக்கம். கழுத்தை வளைக்கும்படியான விளக்காக இருந்தால் நல்லது. மூடி ஆழமாக இருக்கட்டும். பல்பு நேரடியாகக் கண்ணில் படக்கூடாது. ஒரு சூத்திரமும் உண்டு: சின்ன பல்பை ஆறடி உயரத்திலிருந்து மூன்றடிக்கு இறக்கினால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்கு ஆகும். பெரிய பல்பு வாங்குவதைவிட, இருப்பதைக் கிட்டே கொண்டு வாருங்கள்.

பக்கவாட்டு வெளிச்சத்தின் அருமையைச் சொல்ல ஏற்காட்டிலேயே ஒரு பெரியவர் இருந்திருக்கிறார். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் அறிஞர். 1863-ல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கல் கருவியைக் கண்டெடுத்தவர். 'இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை' என்றே சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டில் வந்து வாழ்ந்தார், 1912-ல் காலமானார். இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் துறையில் கல் கருவியை எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? நேர் வெளிச்சத்தில் பார்த்தால் அது வெறும் கூழாங்கல். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து சாய்வாக விழும்போதுதான் மனிதக் கை செதுக்கிய விளிம்புகள் ஒவ்வொன்றும் நிழல் கட்டி எழுந்து வரும்.

உங்கள் மர வேலைக்கும் அதே கதைதான். இழைப்புளி போட்ட பலகையை மேல் வெளிச்சத்தில் பார்த்தால் வழவழவென்று தெரியும். ஒரு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். மேடு, பள்ளம், விட்டுப்போன சிராய் எல்லாம் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். வார்னிஷ் அடிப்பதற்கு முன் ஒரு தரம் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

சுற்றுகிற சக்கரம் நின்றது போல...

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று. மட்டமான விளக்குகள் அதற்கேற்ப விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த மினுக்கலும் கிரைண்டரின் வேகமும் ஒத்துப்போனால், சுற்றுகிற சக்கரம் நின்றுவிட்டது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ தோன்றும். நம்பிக் கையை நீட்டினால் என்ன ஆகும்? சொல்லவே வேண்டாம்.

சோதிப்பது சுலபம். விளக்கின் கீழ் ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் மினுக்குகிறது என்று அர்த்தம். அதை வேறு எங்காவது மாட்டுங்கள், மெஷின் பக்கம் வேண்டாம். பழைய சோக்கு போட்ட டியூப் லைட்டும் இப்படித்தான்.

நிறத்தையும் கவனியுங்கள். அட்டையில் 4,000 கெல்வின் என்று இருந்தால் மஞ்சளும் அல்லாத, நீலமும் அல்லாத இதமான வெள்ளை, பட்டறைக்கு ஏற்றது. 'சி.ஆர்.ஐ.' என்ற எண் 80-க்குக் குறையக்கூடாது. பெயின்ட் நிறம் பொருத்துகிறவர்கள், கலர் ஒயர் வேலை செய்கிறவர்கள் 90 உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு ஒயரையும் பிரவுன் ஒயரையும் குழப்பிக்கொள்ள நேராது.

ஈரமும் கரண்டும்: இரண்டும் சேரக்கூடாது

மேகம் ஷெட்டுக்குள் புகுந்து போகும். தகரக் கூரையின் அடியில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக ஹோல்டர் மேல் விழும். ஆகவே:

• திறந்த ஹோல்டர் வேண்டாம். 'ஐ.பி. 65' என்று குறியிட்ட, தூசியும் நீர்ப்பீச்சலும் புகாத மூடிய விளக்குகளாக வாங்குங்கள்.

• ஒயர் முழுவதும் பைப்புக்குள் போகட்டும். ஜன்னல் வழியாக இழுத்து வந்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் பட்டறை நடத்தாதீர்கள்.

• ஷெட்டுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். கரண்டு கசிந்து உடம்பில் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும் உயிர்காப்பான் அது. அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

• பாறை நிலத்தில் எர்த் சரியாகக் கிடைப்பது சிரமம். குழி தோண்டியாயிற்று என்று விட்டுவிடாமல், மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் இதைச் செய்ய வேண்டும்.

• விளக்குக்கு ஒரு லைன், மெஷினுக்கு வேறு லைன். டிரில் மெஷின் ஃபியூஸைத் தூக்கினாலும் விளக்கு அணையக்கூடாது. ரம்பம் சுற்றிக்கொண்டிருக்கும்போது இருட்டாவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. சார்ஜ் ஏறும் எமர்ஜென்சி விளக்கு ஒன்றும் இருக்கட்டும்.

• பழைய டியூப்போ சி.எஃப்.எல். பல்போ உடைந்துவிட்டால் பதற்றம் வேண்டாம். உள்ளே கொஞ்சம் பாதரசம் உண்டு. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே வந்துவிடுங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் அள்ளி மூடிய டப்பாவில் போடுங்கள்.

வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகும் பாதையையும் மறக்காதீர்கள். நாகலூர், செம்மநத்தம் போன்ற இடங்களில் எஸ்டேட் ஓரமாக வீடு இருப்பவர்களுக்குக் காட்டெருமை புதிதல்ல. பாதையில் மங்கிய மஞ்சள் விளக்கு ஒன்று போட்டு, வீட்டுக்குள்ளேயே சுவிட்ச் வையுங்கள். கதவைத் திறக்கும் முன் வெளியே பார்த்துவிடலாம். மஞ்சள் விளக்கில் பூச்சிகளும் குறைவாகவே வரும்.

கண்ணாடி விஷயத்தில் ஒரு ரகசியம்

படிக்கிற கண்ணாடி சுமார் ஓரடி தூரத்துக்கு அளவெடுத்தது. மேசை வேலையோ ஒன்றரை, இரண்டடி தூரத்தில் நடக்கிறது. அதனால்தான் படிக்கிற கண்ணாடி போட்டவர்கள் பட்டறையில் குனிந்து குனிந்து நிமிர்கிறார்கள். ஒரு நாள் வழக்கம்போல நின்று வேலை செய்யுங்கள். கண்ணிலிருந்து வேலை வரை உள்ள தூரத்தை வீட்டில் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கண் மருத்துவரிடம் சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கழுத்துவலி பாதி போய்விடும்.

ஆனால் பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. கிரைண்டர், டிரில், உளி எதுவானாலும் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியை மேலே மாட்டிக்கொள்ளுங்கள்.

வெயிலிலிருந்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் மெஷினை ஓட்டாதீர்கள். கண் பழகச் சில நிமிடம் ஆகும். அதுவரை கருவிகளை எடுத்து அடுக்குங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து இருபதடிக்கு அப்பால் இருபது விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை இருக்கும்போது இதுகூடவா கஷ்டம்?

கேள்வி - பதில்

கண்ணில் துகள் பட்டுவிட்டது. என்ன செய்வது?
தேய்க்காதீர்கள். வெறும் தூசி என்றால் சுத்தமான தண்ணீர் விட்டால் போய்விடும். வேகமாகப் பறந்து வந்த இரும்போ மரச் சிராயோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், தண்ணீரும் விடாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கண் மேல் அழுந்தாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வலி இல்லையே என்று நாளைக்குத் தள்ளிப் போடாதீர்கள். தின்னரோ பேட்டரி ஆசிடோ தெறித்தால் மட்டும், வேறு எதையும் யோசிக்காமல் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீரால் கழுவிவிட்டுப் பிறகு கிளம்புங்கள்.

நல்ல விளக்கு போட்டும் கூசுகிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது. ஏன்?
விளக்கைக் குறை சொல்லும் முன் கண்ணைக் காட்டுங்கள். கண்புரை ஆரம்பமாக இருக்கலாம். கண் சிவந்து, வலியும் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலும் தாமதம் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொந்தரவு இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்ய வசதியில்லை. எதில் ஆரம்பிப்பது?
முதலில் ஆர்.சி.சி.பி.யும் எர்த்தும். இரண்டாவது சுண்ணாம்பு. மூன்றாவது மேசைக்கு முன்னால் ஒரு டியூப். மற்றவை மெல்ல வரட்டும்.

காபிப் பழம் பறித்து முடிந்து, வானம் வெளுத்திருக்கும் பிப்ரவரி, மார்ச்தான் இந்த வேலைகளுக்குத் தோதான சமயம். சுவர் காயும், பெயின்ட் பிடிக்கும், எலெக்ட்ரீஷியனும் நனையாமல் வேலை செய்வார். அடுத்த மழைக்கு மேகம் வாசலுக்கு வரும்போது நீங்கள் ஷெட்டில் நிம்மதியாகச் சுவிட்சைப் போடலாம். பத்து விரலும் இரண்டு கண்ணும் பத்திரமாக இருந்தால்தானே பேத்திக்குப் பொம்மை கிடைக்கும்? என்ன, சரிதானே!